மண்டபம் ஏன் உறைகிறது?

கேள்வி: மாவட்டக் கருத்தரங்குகளிலும் செயலமர்வுகளிலும் பதினைந்து நிமிடம் 'ஸ்ராண்ட் அப்', அதாவது தனியாக நின்று பகிடி, செய்யச் சொல்லிக் கூப்பிடுகிறார்கள். சினிமாவைத் தொட்டால் கைதட்டுகிறார்கள். இந்தக் கருத்தரங்குகளைப் பற்றியும் அரசியலைப் பற்றியும் நான் சொந்தமாக நினைப்பதைச் சொன்னால் மண்டபம் உறைந்துபோகிறது. வன்னிச் சனத்துக்குச் சிரிப்புச் செத்துவிட்டதா? இல்லை, பயமா?
– பரந்தன் வாசகர் ஒருவர்

பதில்: சனத்தைக் குறை சொல்லுமுன் நிகழ்ச்சி நிரலை எடுத்துப் பாரும் தம்பி. மங்கல விளக்கேற்றல், அகவணக்கம், வரவேற்புரை, ஆசியுரை, தலைமையுரை, வாழ்த்துரைகள், சிறப்புரை. இதற்குள் உம்மை எங்கே செருகினார்கள்? அகவணக்கத்துக்கு அடுத்தது என்றால், செத்தவர்களை நினைத்துத் தலைகுனிந்து நின்ற சனம் கதிரையில் இருந்த கையோடு உமக்குச் சிரித்துத் தரவேண்டும் என்று எதிர்பார்த்திருக்கிறீர். இடையில் குறைந்தது இரண்டு உரையாவது போகட்டும். மத்தியானத்துக்குப் பிறகு என்றால் பாதி மண்டபம் நித்திரை. சோற்றுப் பார்சல் வாசலில் வந்து இறங்கிவிட்டதென்றால் மைக்கைப் பிடிக்கவே வேண்டாம், அந்த மணத்தை எந்தப் பகிடியும் வெல்லாது. காலைத் தேநீரும் வடையும் முடிந்து சனம் திரும்பி வந்திருக்கும் நேரம், பத்தரைக்கும் பதினொன்றுக்கும் இடையில், அதைக் கேட்டு வாங்கும். பதினைந்து நிமிடமும் வேண்டாம். ஏழு நிமிடம் போதும். பதினைந்து நிமிடம் தாங்குகிற சரக்கு சேர ஒரு வருடம் செல்லும்.

இனி அந்த முன்வரிசை. பிரதம விருந்தினருக்குச் சோபா, அதற்குப் பின்னால் உத்தியோகத்தர்கள், அவர்களுக்கும் பின்னால் பிளாஸ்ரிக் கதிரையில் சனம். சனத்துக்கு உமது முகம் தெரியுமுன் விருந்தினரின் முதுகு தெரிகிறது. அந்தத் தோள் குலுங்கினால்தான் பின்னால் சிரிப்பு வரும். இதைப் பயம் என்று எழுதியிருக்கிறீர். நான் கணக்கு என்பேன். காணி அனுமதிப்பத்திரம், வீட்டுத்திட்டத்தின் மிச்சக் கொடுப்பனவு, மகளின் இடமாற்றம் என்று ஒவ்வொருவருக்கும் அந்த முன்வரிசையில் ஒரு அலுவல் கிடக்கிறது. உமது பகிடிக்குச் சிரித்து அதைக் கெடுத்துக்கொள்ள அவர்களுக்கு என்ன வந்தது? ஆகவே முதல் பகிடி விருந்தினரும் சிரிக்கக்கூடியதாக இருக்கவேண்டும். உம்மைப் பற்றியோ, கூவுகிற மைக்கைப் பற்றியோ வைத்துக்கொள்ளும். இரண்டாவது, அங்கே இல்லாத திணைக்களம் ஒன்றைப் பற்றி. மூன்றாவதில்தான் சோபாவைத் தொடலாம். நீர் சோபாவில் இருந்தே தொடங்கியிருப்பீர். "வேறொரு நிகழ்ச்சி இருக்கிறது" என்று விருந்தினர் எழும்பிப் போனபிறகு அவரைப் பற்றிச் சொல்லலாமே என்று நினைக்காதேயும். சனம் சிரிக்கும், ஆனால் அது முதுகுக்குப் பின்னால் பேசிய பேச்சு.

ஒலியையும் கொஞ்சம் கவனியும். சீற் கூரை, சீமெந்துத் தரை, சுற்றிவர மின்விசிறி உள்ள மண்டபத்தில் சொல் இரண்டு தரம் கேட்கும். சிரிப்பு பின்வரிசையில் இருந்து பிந்தித்தான் வந்துசேரும். அதற்குமுன் அடுத்த வசனத்தைத் தொடங்கினால் சிரிக்க வாயெடுத்தவர்கள் உம்மைக் கேட்பதற்காக அடக்கிக்கொள்வார்கள். இப்படி இரண்டு தரம் அடக்கவைத்தால் மூன்றாம் தரம் சிரிக்க மாட்டார்கள். நீர் "உறைந்தது" என்று சொல்வதில் பாதி இதுவாகத்தான் இருக்கும். மைக்கை வாயில் இருந்து நாலு விரல் தள்ளிப் பிடியும். அதன் வலைத்தலையைக் கையால் பொத்தவேண்டாம், பொத்தினால் ஒலிபெருக்கியில் இருந்து வருகிற சத்தம் திரும்ப மைக்குக்குள் போய்க் கூவும். ஒலிபெருக்கிப் பெட்டிகளுக்கு முன்னால் இறங்கி நடந்தாலும் அதே கூவல்தான்.

கருத்தரங்கைப் பற்றிய உமது எண்ணம் ஏன் எடுபடவில்லை என்றால், நீர் எண்ணத்தைச் சொல்கிறீர். "இந்தச் செயலமர்வுகளால் ஒரு பிரயோசனமும் இல்லை" என்பது பகிடி இல்லை, முறைப்பாடு. 2009இல் போர் முடிந்த பிறகு வன்னியில் செயலமர்வுக்குப் போகாத வீடு இல்லை. ஒன்பது மணி என்று போட்டுப் பத்தே காலுக்குத் தொடங்குவது, வரவு இடாப்பில் ஒரு கையெழுத்து, போக்குவரத்துக் காசுக்கு இன்னொரு கையெழுத்து, குழுவாகப் பிரிந்து பெரிய தாளில் எழுதி மாஸ்கிங் ரேப்பால் சுவரில் ஒட்டுவது, அறுவடை நேரத்தில் விவசாயியைக் கூப்பிட்டு நேர முகாமைத்துவம் படிப்பிப்பது, பனரில் பிரதேசத்தின் பெயரைவிட நிறுவனங்களின் இலச்சினை பெரிதாக இருப்பது. எல்லாம் சனத்துக்குத் தெரியும். தெரிந்ததை அப்படியே வைத்துக் கடைசிச் சொல்லில் திருப்பும்.

ஒரு உதாரணம். "கோழி வளர்ப்புச் செயலமர்வுக்கு ரண்டு நாள் போன அம்மா ஒராள், மத்தியானப் பார்சலுக்குள்ள மட்டும்தான் கோழியைக் கண்டனான் எண்டு சொன்னாவாம்." இது விழாது. பகிடி 'பார்சலுக்குள்ள' என்ற இடத்தில் வெடிக்கிறது, அதன் பிறகு ஒரு வாலே கிடக்கிறது. அந்த "எண்டு சொன்னாவாம்" சிரிப்பை விழுங்கிவிடும். திருப்பிப் போடும்: "கோழி வளர்ப்புச் செயலமர்வு. ரண்டு நாள். ரண்டு நாளும் நாங்கள் கண்ட ஒரே கோழி, மத்தியானப் பார்சலுக்குள்ள." இதற்குமேல் ஒரு சொல்லும் வேண்டாம், வாயை மூடிக்கொண்டு நில்லும். சொன்னவர் யார் என்று சொல்லியே ஆகவேண்டுமென்றால் வசனத்தின் தொடக்கத்தில் சொல்லும். எங்கள் மேடைக்காரர்களில் முக்கால்வாசிப் பேரை இந்த 'எண்டாராம்' கெடுக்கிறது.

சினிமாவுக்குக் கிடைத்த கைதட்டில் உமது பங்கு கொஞ்சம்தான். வடிவேலுவின் குரலில் நாலு வரி சொன்னால் சனம் வடிவேலுவை நினைத்துச் சிரிக்கிறது. அதைவிட, ஒரு மண்டபத்துக்குள் மூன்று தலைமுறை இருக்கிறது என்பதை யோசியும். நாற்பதைத் தாண்டியவர்களுக்கு ஜாம் போத்தல் விளக்கும், ரண்டு துளி பெற்றோலில் ஸ்ராட் எடுத்து மண்ணெண்ணெயில் ஓடிய மோட்டார்சைக்கிளும், ஜெனரேற்றர் வைத்து விடிய விடியப் பார்த்த படமும் போதும், தாங்களாகவே சிரிப்பார்கள். உயர்தரம் படிக்கும் பிள்ளைக்கு அது பாட்டாவின் கதை. அவனுக்கு ரிக்ரொக்தான் சினிமா. ஜாம் போத்தலை அவனுக்கு விளக்கப் போனால் மற்றவர்களின் சிரிப்பும் ஆறிவிடும். மூன்று தலைமுறைக்கும் பொதுவானது ஏ9 வீதி, முறிகண்டியில் நிற்கும் பஸ், இரணைமடுக் குளத்தில் எத்தனை அடி தண்ணீர் என்ற பேச்சு. எங்கள் நடிகர் கே. எஸ். பாலச்சந்திரனின் 'அண்ணை றைற்' பஸ்ஸை வைத்துச் செய்த, ஒரு ஆளின் தனிநடிப்பு. மேடையில் பஸ்ஸும் இல்லை, சனமும் இல்லை, கொண்டக்டர் மட்டும்தான். எந்த நடிகரின் குரலும் அதற்குத் தேவைப்படவில்லை.

அரசியலுக்கு வருவோம். வீடு, சைக்கிள், சங்கு, வீணை, திசைகாட்டி என்று கட்சிச் சின்னங்களை வைத்துப் பகிடி விடுவதை நிறுத்தும். தேநீர்க்கடையில் எல்லாம் சொல்லி முடிந்துவிட்டது. தெற்குக் கட்சியைக் கிண்டலடித்தால் மண்டபம் ஒன்றாகச் சிரிக்கும் என்ற பழைய கணக்கும் சரிவராது. 2024 நவம்பர் 14 நாடாளுமன்றத் தேர்தலில் யாழ்ப்பாணத் தேர்தல் மாவட்டத்தின் 6 ஆசனங்களில் 3 திசைகாட்டிக்கு, அதாவது தெற்குக் கட்சியான தேசிய மக்கள் சக்திக்குப் போனது. அதற்குப் புள்ளடி போட்டவர் உமக்கு முன்னால்தான் இருக்கிறார். யாழ்ப்பாணத்தை ஏன் சொல்கிறேன் என்றால், வன்னித் தேர்தல் மாவட்டம் என்பது மன்னார், வவுனியா, முல்லைத்தீவு மட்டும்தான். பரந்தன்காரரான உமது வாக்கு யாழ்ப்பாணக் கணக்கில் சேர்கிறது. வன்னியில் பிறந்து வன்னியில் விதைத்து யாழ்ப்பாணத்துக்கு வாக்குப் போடுகிற மாவட்டம் கிளிநொச்சி. இது கையில் இருக்க நீர் சின்னத்தைப் பிடித்துக்கொண்டு நிற்கிறீர்! மாவட்ட ஒருங்கிணைப்புக் குழுக் கூட்டத்தையும் விட்டுவைக்காதேயும். நாடாளுமன்ற உறுப்பினர் கேள்வியை அதிகாரியிடம் கேட்டுவிட்டு முகத்தை போன் கமராவுக்குக் காட்டுவதைச் சும்மா நடித்துக் காட்டினாலே போதும், வசனம் தேவையில்லை.

ஆபத்து எங்கே இருக்கிறது என்பதையும் தெரிந்துகொள்ளும். மண்டபத்தைவிட மண்டபத்தில் வெட்டிய காணொளித் துண்டில்தான் அது அதிகம். 2023 மே மாதத்தில் மேடை நகைச்சுவையாளர் நதாஷா எதிரிசூரிய கட்டுநாயக்க விமான நிலையத்தில் கைதானது அப்படியொரு துண்டு பரவிய பிறகு. 2007ஆம் ஆண்டின் 56ஆம் இலக்கச் சட்டம், அதாவது குடியியல், அரசியல் உரிமைகள் சமவாயச் சட்டத்தின் 3ஆம் பிரிவில், இன, மத வெறுப்பைத் தூண்டியதாகப் பிடித்தால் நீதவான் பிணை தர முடியாது, மேல் நீதிமன்றம்தான் தரவேண்டும். அவருக்குப் பிணை கிடைத்தது ஜூலையில். இணையத்தில் போடுவதற்கு 2024ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நிகழ்நிலைக் காப்புச் சட்டமும் இப்போது இருக்கிறது. ஆகவே எந்த முப்பது விநாடியை வெட்டி எடுத்தாலும் உமது கருத்து தலைகீழாகாதபடி எழுதும். ஒரு இனத்துவேஷியின் குரலில் பேசிக்காட்டுவதென்றால் அவனுக்கான குட்டு அதே மூச்சில் வரவேண்டும், அடுத்த பந்தியில் வந்தால் வெட்டுகிறவன் அதை விட்டுவிடுவான். சமயத்தைத் தொடவேண்டாம், எந்தச் சமயத்தையும். முழு நிகழ்ச்சியையும் உமது போனில் பதிந்து வைத்துக்கொள்ளும்.

மே 18க்கு முந்திய கிழமையும் நவம்பர் கடைசிக் கிழமையும் போரில் செத்தவர்களை நினைவுகூரும் நாட்கள், யார் கூப்பிட்டாலும் மேடை ஏறாதேயும். பங்கருக்குள் இருந்தபடியே பகிடி விட்ட சனம் இது. ஆனால் அந்தப் பகிடி அனுபவித்தவர்களுக்குச் சொந்தம், மேடைக்காரருக்கு இல்லை.

கடைசியாக இரண்டு அலுவல். அறிவிப்பாளர் "இதோ உங்களை வயிறு குலுங்கச் சிரிக்கவைக்க" என்று தொடங்கினால் உமது முதல் மூன்று நிமிடமும் போய்விடும். பெயர், ஊர் இரண்டை மட்டும் தாளில் எழுதி அவரிடம் கொடுத்து, அதையே வாசிக்கச் சொல்லும். மற்றது, வளவாளருக்கு, அதாவது படிப்பிக்க வருபவருக்கு, கொடுப்பனவும் வாகனமும், உமக்குப் பொன்னாடையும் நினைவுச் சின்னமும் என்பது இங்கே வழக்கமாகிவிட்டது. அழைப்புக் கடிதத்திலேயே தொகையைக் கேட்டு எழுதும். இல்லையென்று சொன்னால், வரவு இடாப்பில் கையெழுத்து வைத்துப் போக்குவரத்துக் காசையாவது வாங்கிக்கொண்டு வாரும்.