அமெரிக்காவில் எதற்கெடுத்தாலும் ‘சோசலிசம்’ என்கிறார்களே, அது உண்மையில் என்ன? அரசின் வேலை எதுவரை என்று அவர்கள் நினைக்கிறார்கள்?

கேள்வியோடு ஒரு குறிப்பும் போட்டிருக்கிறீர்கள். எல்லோருக்கும் மருத்துவக் காப்பீடு வேண்டும் என்று ஒரு வேட்பாளர் சொன்னால் அவரைக் கம்யூனிஸ்ட் என்கிறார்கள், ஆனால் அதே நாட்டில் 65 வயதானால் அரசே மருத்துவச் செலவில் பெரும்பங்கைக் கட்டுகிறது, இதில் எதுதான் அவர்கள் கொள்கை என்று. நான் நெப்ராஸ்காவில், ஒமாஹா நகரத்தில் இருக்கிறேன். அரசியல் படித்தவன் இல்லை, ஐடி வேலைதான். ஆனால் இந்தக் குழப்பத்தைப் பக்கத்தில் இருந்து பார்க்க இதைவிட நல்ல ஊர் கிடையாது, அதனால் இங்கிருந்தே ஆரம்பிக்கிறேன்.

நெப்ராஸ்கா, அரசின் தலையீடு குறைவாக இருக்க வேண்டும் என்று பேசும் குடியரசுக் கட்சியின் கோட்டை. 1964-க்குப் பிறகு மாநில அளவில் ஜனநாயகக் கட்சி அதிபர் வேட்பாளர் ஒருவர்கூட இங்கே ஜெயித்ததில்லை (அதிபரைத் தேர்ந்தெடுக்கும் தேர்வாளர் வாக்குகளில் ஒமாஹா தொகுதிக்கென்று இருக்கும் ஒன்று மட்டும் அவ்வப்போது அந்தப் பக்கம் போகும்). இப்படிப்பட்ட மாநிலத்தில் வீட்டுக்கு மின்சாரம் கொடுக்கும் தனியார் கம்பெனி ஒன்றுகூட இல்லை. எல்லாமே பொது மின் வாரியங்கள், நகராட்சிகள், கூட்டுறவுச் சங்கங்கள். நான் மாதாமாதம் கரன்ட் பில் கட்டுவது, மக்கள் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கும் இயக்குநர்கள் நடத்தும் வாரியத்துக்கு. ஐம்பது மாநிலங்களில் முழுக்க இப்படி இருப்பது இது ஒன்றுதான். இதற்கு வித்திட்டவர்களில் முக்கியமானவர் ஜார்ஜ் நோரிஸ், இந்த மாநிலத்தின் செனட்டர், நெடுங்காலம் குடியரசுக் கட்சிக்காரர். டென்னசி பள்ளத்தாக்கில் அணைகள் கட்டி மின்சாரம் கொடுத்த அரசு ஆணையம் 1933-ல் உருவானதும் அவர் பல வருடம் விடாமல் மல்லுக்கட்டியதால்தான். அதே ஆணையத்தைத்தான் பிற்பாடு 1953-ல் அதிபர் ஐசன்ஹோவர் ‘ஊர்ந்து வரும் சோசலிச’த்துக்கு உதாரணமாகக் காட்டினார். அவரும் அதே குடியரசுக் கட்சிதான்.

என் பக்கத்து வீட்டுக்காரர் ஓய்வுபெற்ற விவசாயி. தங்கமான மனிதர், குளிர்காலத்தில் நான் எழுந்திருப்பதற்குள் என் வாசலில் இருக்கும் பனியையும் சேர்த்துத் தள்ளிவிட்டுப் போயிருப்பார். சோசலிசம் என்ற சொல்லைக் கேட்டாலே அவருக்கு முகம் சிவந்துவிடும். அவருக்கு வருவது அரசு ஓய்வூதியம், மருத்துவம் மெடிகேர் (65 வயதானவர்களுக்கு அரசு நடத்தும் மருத்துவக் காப்பீடு), விவசாயம் செய்த காலத்தில் பயிர்க் காப்பீட்டுப் பிரீமியத்தில் பாதிக்கு மேல் கட்டியது அரசு, மின்சாரம் பொது வாரியம். ஒருநாள் பேச்சுவாக்கில் இதையெல்லாம் அடுக்கினேன். கோபப்படுவார் என்று நினைத்தேன், இல்லை. ‘அதுக்கெல்லாம் நான் காசு கட்டியிருக்கிறேன். சோசலிசம்னா கட்டாதவனுக்குக் கொடுக்கிறது’ என்றார் நிதானமாக.

இதைக் கேட்டுச் சிரிப்பது சுலபம், இங்கே நகரத்துப் படித்தவர்கள் சிரிக்கவும் செய்கிறார்கள். ஆனால் என் பார்வையில் உங்கள் கேள்விக்கான விடையே அவர் சொன்னதில்தான் இருக்கிறது. பாடப்புத்தகத்தில் சோசலிசம் என்றால் தொழிற்சாலை, நிலம், வங்கி இவையெல்லாம் யாருக்குச் சொந்தம் என்ற கேள்வி. அமெரிக்கப் பேச்சு வழக்கில் அது சொத்துரிமையைப் பற்றியதே இல்லை. உழைத்துப் பெற்றதா, சும்மா வந்ததா என்பதுதான் அங்கே கணக்கு. முதல் பெட்டியில் விழுந்தால் அது ‘என் உரிமை’. இரண்டாவது பெட்டியில் விழுந்தால் அது சோசலிசம்.

இது தற்செயலாக வந்த மனநிலையும் இல்லை, 1935-ல் திட்டமிட்டே இப்படிச் செய்தார்கள். அந்த வருடம் ஃபிராங்க்ளின் ரூஸ்வெல்ட் முதியோர் ஓய்வூதியச் சட்டத்தைக் கொண்டுவந்தபோது, பணத்தைப் பொது வரியிலிருந்து எடுக்காமல் சம்பளத்தில் பிடிக்கச் சொன்னார். ஏழைத் தொழிலாளியிடமும் பிடிப்பது நியாயமா, பொருளாதாரத்துக்கே நல்லதா என்று பின்னாளில் ஒருவர் கேட்டபோது, இது பொருளாதாரமே இல்லை, முழுக்க அரசியல், கட்டியவனுக்கு உரிமை வந்துவிடும், அப்புறம் எந்த அரசியல்வாதியாலும் இதைத் தூக்க முடியாது என்கிற அர்த்தத்தில் பதில் சொன்னார். எவ்வளவு சரியான கணிப்பு பாருங்கள், தொண்ணூறு வருடமாக யாராலும் தூக்க முடியவில்லை. இன்றைக்கும் என் சம்பளச் சீட்டில் ஓய்வூதியத்துக்கு 6.2 சதவீதம், மெடிகேருக்கு 1.45 சதவீதம் பிடிக்கிறார்கள், கம்பெனி அதே அளவு கட்டுகிறது. (எச்1பி விசாவில் வரும் நம்மவர்களுக்கும் இதே பிடித்தம் உண்டு. பத்து வருட அளவுக்கு வேலைக் கணக்கு சேராமல் ஊர் திரும்பினால் ஓய்வூதியம் கிடையாது, இந்தியாவோடு இதற்கு உடன்படிக்கையும் இல்லை. நம் ஆட்கள் கூடுகிற எந்த விருந்திலும் இந்தப் புலம்பலைக் கேட்கலாம்.)

ஆனால் ‘நான் கட்டினேன்’ என்பது பாதி உண்மைதான். மெடிகேரில் டாக்டர் செலவைப் பார்க்கும் பகுதிக்கு முதியவர்கள் கட்டும் பிரீமியம் மொத்தச் செலவில் கால்வாசிதான் வரும், மிச்சத்தில் பெரும்பகுதி எல்லோரும் கட்டும் பொது வரியிலிருந்து போகிறது. இன்னொரு பக்கம், 1935 சட்டத்தில் பண்ணைக் கூலிகளையும் வீட்டு வேலை செய்பவர்களையும் சேர்க்கவே இல்லை. அன்றைக்குக் கறுப்பினத் தொழிலாளர்களில் பெரும்பாலானோர் இந்த இரண்டு வேலையில்தான் இருந்தார்கள். உழைத்தார்கள், ஆனால் ‘கட்டியவர்’ பட்டியலில் இடமில்லை. ஆக யார் தகுதியானவர், யார் சும்மா வாங்குபவர் என்ற கோடு யாரோ எங்கோ உட்கார்ந்து போட்டதுதான். அது நேர்கோடாகவும் இல்லை, நிறம் பார்க்காமலும் இல்லை.

சொல்லை வைத்து மிரட்டுவதும் பழைய கதை. 1961-ல் ரொனால்ட் ரீகன், அப்போது அவர் நடிகர்தான், மருத்துவர் சங்கத்துக்காக ஒரு இசைத்தட்டில் பேசினார். முதியவர்களுக்கு அரசு காப்பீடு வந்தால் சோசலிசம் உள்ளே நுழைந்துவிடும் என்று. டாக்டர்களின் மனைவிமார் அக்கம்பக்கத்துப் பெண்களைக் காபிக்குக் கூப்பிட்டு அந்தத் தட்டைப் போட்டுக் காட்டினார்கள், எதிர்ப்புக் கடிதம் எழுதச் சொன்னார்கள். 1965-ல் மெடிகேர் வந்தது. அதே ரீகன் 1980-களில் அதிபராக எட்டு வருடம் இருந்தார், மெடிகேரும் இருந்தது. 2009-ல் ஒபாமா காப்பீட்டுத் திட்டம் பற்றிய கூட்டம் ஒன்றில், தென் கரோலினாவில் ஒருவர் எழுந்து, என் மெடிகேரில் அரசாங்கத்தின் கை படக்கூடாது என்று எம்.பி.யிடம் சொன்ன கதை இங்கே பிரபலம்.

உண்மையான சோசலிஸ்டுகள் இங்கே இருந்ததில்லையா என்றால், இருந்தார்கள், நன்றாகவே இருந்தார்கள். யூஜின் டெப்ஸ் ஐந்து முறை அதிபர் தேர்தலில் நின்றார், 1912-ல் ஆறு சதவீதம் ஓட்டு வாங்கினார். முதல் உலகப் போரை எதிர்த்துப் பேசியதற்காகச் சிறையில் போட்டார்கள். 1920-ல் சிறையிலிருந்தபடியே நின்று ஒன்பது லட்சத்துக்கு மேல் ஓட்டு. ஆனால் எனக்கு அவரைவிட மில்வாக்கி நகரத்துக்காரர்களைத்தான் பிடிக்கும். விஸ்கான்சின் மாநிலத்தில் இருக்கும் அந்தத் தொழில் நகரத்தில் 1910-க்கும் 1960-க்கும் நடுவில் மூன்று சோசலிஸ்ட் மேயர்கள். டேனியல் ஹோன் என்பவர் மட்டும் 1916 முதல் 1940 வரை, 24 வருடம். இவர்களைக் ‘கழிவுநீர்க் குழாய் சோசலிஸ்டுகள்’ என்று சொந்தக் கட்சிக்காரர்களே கிண்டல் செய்தார்கள், புரட்சியைப் பற்றிப் பேசாமல் எந்நேரமும் சாக்கடை, குடிநீர், பூங்கா என்றே இருக்கிறார்கள் என்று. அவர்களுக்கு முன்பு அந்த நகராட்சி லஞ்சத்துக்குப் பேர்போனது, இவர்கள் வந்தபிறகு சுத்தமான நிர்வாகத்துக்குப் பேர்போனது. கடைசி மேயர் ஃபிராங்க் ஸைட்லர் 1948 முதல் 1960 வரை இருந்தார். அதே சமயத்தில் அதே விஸ்கான்சினின் செனட்டர் ஜோசப் மெக்கார்த்தி, வாஷிங்டனில் உட்கார்ந்து மூலைக்கு மூலை கம்யூனிஸ்டுகளைத் தேடிக்கொண்டிருந்தார்! சொந்த மாநிலத்தின் பெரிய நகரத்து மக்கள் பகிரங்கமான ஒரு சோசலிஸ்டுக்கு மறுபடி மறுபடி ஓட்டுப் போட்டுக்கொண்டிருந்தார்கள், தண்ணீர் ஒழுங்காக வந்ததே காரணம்.

தன்னைச் சோசலிஸ்ட் என்றே சொல்லிக்கொள்ளும் இப்போதைய செனட்டர் பெர்னி சாண்டர்ஸ் வகையறா, பாடப்புத்தகப் பொருளில் சோசலிஸ்டுகள் இல்லை. 2015-ல் ஒரு பல்கலைக்கழக உரையில், உற்பத்திச் சாதனங்களை அரசு எடுத்துக்கொள்ள வேண்டும் என்று நான் நினைக்கவில்லை என்று சாண்டர்ஸே சொல்லிவிட்டார். அவர் உதாரணம் காட்டும் டென்மார்க்கின் பிரதமரோ, எங்கள் நாடு சந்தைப் பொருளாதாரம், சோசலிசம் எல்லாம் இல்லை என்று அதே வருடம் அமெரிக்காவுக்கே வந்து சொல்லிவிட்டுப் போனார். சரி, யார்தான் அரசுடைமை செய்கிறார்கள்? 2009-ல் ஜெனரல் மோட்டார்ஸ் கார் கம்பெனியில் சுமார் 60 சதவீதம் அரசு கைக்கு வந்தது, சில வருடத்தில் விற்றுவிட்டார்கள். 2025 ஆகஸ்டில் டிரம்ப் அரசு கணினிச் சில்லு தயாரிக்கும் இன்டெல் கம்பெனியில் பத்து சதவீதம் அளவுக்குப் பங்கை எடுத்தது. இலக்கணப்படி பார்த்தால் சாண்டர்ஸ் கேட்பதைவிட இதுதான் சோசலிசத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது.

வடக்கு டகோட்டாவில் 1919-லிருந்து மாநில அரசின் சொந்த வங்கி ஓடுகிறது, மாநில அரசின் மாவு மில்லும் இருக்கிறது. அலாஸ்காவில் எண்ணெய்ப் பணத்தை ஒரு நிதியில் போட்டு 1982 முதல் வருடாவருடம் ஆளுக்கு இவ்வளவு என்று பங்கு கொடுக்கிறார்கள், குழந்தைக்கும் உண்டு. இரண்டுமே குடியரசுக் கட்சி மாநிலங்கள். டாஸ்மாக் பார்த்து வளர்ந்த நமக்கு ரொம்பப் பிடித்த தகவல் ஒன்று: பென்சில்வேனியாவிலும் யூட்டாவிலும் சாராயக் கடைகள் மாநில அரசுடையவை. நியூ ஹாம்ப்ஷயரிலும் அப்படித்தான், ‘சுதந்திரமாய் வாழ், இல்லையேல் சாவு’ என்று கார் நம்பர் பலகையில் போட்டிருக்கும் மாநிலம் அது, நெடுஞ்சாலை ஓரத்தில் அரசே பெரிய பெரிய மதுக்கடை வைத்து வெளியூர்க்காரனைக் கூப்பிடுகிறது.

சரி, அரசின் வேலை எதுவரை? 2010-ல் டென்னசி மாநிலத்தில் ஒரு சம்பவம். சவுத் ஃபுல்டன் என்ற சிறு நகரத்தின் தீயணைப்புத் துறை, நகர எல்லைக்கு வெளியே இருக்கும் கிராமத்து வீடுகளுக்கு வருடம் 75 டாலர் சந்தா வைத்திருந்தது. சந்தா கட்டாத ஒரு வீடு பற்றி எரிந்தது. வண்டி வந்தது, ஆனால் அணைக்கவில்லை. பக்கத்து வயல்காரர் சந்தா கட்டியவர், அவர் பக்கம் தீ பரவாமல் மட்டும் பார்த்துக்கொண்டார்கள். இப்போதே பணம் தருகிறேன் என்று வீட்டுக்காரர் கெஞ்சியும் நடக்கவில்லை. அதற்குப் பிறகு நாடு முழுக்க விவாதம். விதி என்றால் விதி, கட்டாதவனுக்கும் அணைத்தால் அப்புறம் எவன் கட்டுவான் என்று ஒரு சாரார். அந்த வாதத்தில் ஓட்டை இல்லை, ஆனால் அதைப் படித்தபோது எனக்கு வயிறு எரிந்தது. 75 டாலர் தர மறந்த மனிதனைவிட, தீயணைப்பைச் சந்தாவாக ஆக்கி வைத்த ஏற்பாட்டின் மேல்தான் கோபம் வந்தது. வரியாகப் பிடித்திருந்தால் மறக்கவே வாய்ப்பில்லையே.

என் அளவுகோல் அங்கிருந்து வந்ததுதான். வாங்குகிற நேரத்தில் நின்று நிதானித்துத் தேர்ந்தெடுக்க முடியாத பொருள் எதுவோ, அங்கே அரசு இருக்க வேண்டும். வீடு எரியும்போதும் நெஞ்சு வலிக்கும்போதும் யாரும் விலை விசாரிக்க மாட்டார்கள், தெருவுக்கு இரண்டு மின்கம்பி இழுக்கவும் முடியாது. மருத்துவத்தில் அமெரிக்கா இதைப் பாதி ஒத்துக்கொண்டு பாதியில் நிற்கிறது. அவசரச் சிகிச்சைக்கு வந்தவரைக் காசில்லை என்று திருப்பக்கூடாது என்று 1986-லேயே சட்டம் வந்துவிட்டது, கையெழுத்துப் போட்டவர் அதே ரீகன். ஆனால் பில் வரும். வேலையோடு காப்பீடு ஒட்டிக்கொண்டதும் சந்தை தானாகச் செய்ததில்லை, இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் சம்பள உயர்வுக்கு அரசு தடை போட்டதால் கம்பெனிகள் காப்பீட்டைக் காட்டி ஆள் பிடித்தன, அரசு அதற்கு வரிச் சலுகையும் கொடுத்து நிலைநிறுத்தியது. இன்றைக்கு நாட்டு வருமானத்தில் 17 சதவீதத்துக்கு மேல் மருத்துவத்துக்குப் போகிறது, விசாவில் இருப்பவனுக்கு வேலை போனால் காப்பீடும் சேர்ந்து போகிறது. அரசு தலையிடாத மருத்துவம் என்று இங்கே ஒன்று இருந்ததே இல்லை, யாருக்காகத் தலையிடுகிறது என்பதுதான் சண்டை.

நம் ஆட்களையும் ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன். இலவசம் கேட்டே நாடு கெட்டது என்று வாட்ஸ்அப்பில் எழுதுகிறவர்களில் பலர், கிண்டியிலும் கோவையிலும் அரசுக் கல்லூரியில் மிகக் குறைந்த கட்டணத்தில் பொறியியல் படித்து விமானம் ஏறியவர்கள். நானும் அந்தக் கூட்டம்தான். எங்கள் மனசில் அதுவும் ‘நுழைவுத் தேர்வு எழுதி வாங்கியது’ பெட்டியில் இருக்கிறது, பக்கத்து வீட்டு விவசாயியின் மெடிகேர் மாதிரியே.

இப்போது நியூயார்க்கில் சோசலிஸ்ட் என்று சொல்லிக்கொள்ளும் ஸோஹ்ரான் மம்தானி மேயராகியிருக்கிறார், நகராட்சியே மளிகைக் கடை நடத்தும் என்கிறார், சோவியத் ரொட்டி வரிசை வரும் என்று ஒரே கூச்சல். ராணுவக் குடும்பங்களுக்காக அமெரிக்கப் பாதுகாப்புத் துறை பல பத்தாண்டுகளாக மளிகைக் கடைகள் நடத்துகிறது, பெரும்பாலான காலம் வாங்கிய விலைக்கு மேல் ஐந்து சதவீதம் மட்டும் வைத்து, மிச்சச் செலவுக்கு வரிப்பணம். அங்கே வரிசையும் இல்லை, சோவியத்தும் இல்லை. அதற்காக மம்தானி கடை ஓடிவிடும் என்று நான் சொல்லமாட்டேன். மளிகையில் லாபம் மிகக் குறைவு, திருட்டும் வீணாவதும் அதிகம், நியூயார்க்கில் வாடகை சொல்லவே வேண்டாம், தவிர என் அளவுகோல்படி அரிசி பருப்பு நிதானமாகப் பார்த்து வாங்கக்கூடிய பொருள்தான். கடையே இல்லாத பகுதியில் ஒன்றிரண்டு வைத்துப் பார்க்கலாம், நஷ்டம் என்றால் மூடிவிடலாம். மில்வாக்கிக்காரர்கள் இருந்தால் முதலில் கணக்கு நோட்டைத்தான் கேட்டிருப்பார்கள்.