வெப்பநிலை, பனி, கடல் மட்டம்: ஒன்றுக்கொன்று என்ன தொடர்பு? (கேள்வி பதில்)

கேள்வி: கரியமில வாயு வருடா வருடம் ஏறுகிறது. வெப்பநிலை மட்டும் சில வருடம் இறங்குகிறதே, அப்புறம் எப்படி இரண்டுக்கும் தொடர்பு என்கிறீர்கள்?

பதில்: கரியமில வாயு வெப்பநிலையை மெல்ல மெல்ல உயர்த்துகிறது. எல் நினோ (பசிபிக் கடலின் மேல்நீர் வழக்கத்தைவிடச் சூடாவது), லா நினா (அது வழக்கத்தைவிடக் குளிர்வது), எரிமலை போன்றவை அதற்கு மேல் தற்காலிகமாக ஏற்றியும் இறக்கியும் விடுகின்றன. 1991-ல் பிலிப்பைன்ஸில் பினடுபோ எரிமலை வெடித்தது. அது கக்கிய கந்தக வாயுவிலிருந்து உருவான நுண்துகள்கள் வெயிலை மறைத்ததால், அடுத்த வருடம் உலகச் சராசரி சுமார் அரை டிகிரி குறைந்தது. துகள்கள் படிந்ததும் மறுபடி ஏறிவிட்டது. ஹவாயின் மௌனா லோவா மலையில் 1958-ல் விஞ்ஞானி சார்லஸ் டேவிட் கீலிங் அளக்கத் தொடங்கியபோது கரியமில வாயு சுமார் 315 பிபிஎம் (பத்து லட்சம் காற்று மூலக்கூறுகளில் இத்தனை என்ற கணக்கு). இப்போது 420-ஐத் தாண்டிவிட்டது. ஒற்றை வருடத்தை விட்டுவிட்டுப் பத்தாண்டுச் சராசரியைப் பாருங்கள். 1970-களிலிருந்து ஒவ்வொரு பத்தாண்டும் முந்தையதைவிடச் சூடாகவே இருந்திருக்கிறது.

கேள்வி: வடதுருவக் கடலில் மிதக்கும் பனி உருகினால் கடல் மட்டம் ஏறுமா?

பதில்: கிட்டத்தட்ட ஏறாது. மிதக்கும் பனி தன் எடைக்குச் சமமான நீரை ஏற்கெனவே விலக்கி வைத்திருக்கிறது. ஆனால் வெள்ளைப் பனி போன இடத்தில் கருநீலக் கடல் வெயிலை உறிஞ்சும், வெப்பம் கூடும். கடல் மட்டத்தை உயர்த்துவது நிலத்தின் மேல் கிடக்கும் பனி. அதோடு, சூடான நீர் விரிவடைவதை மறந்துவிடக் கூடாது. 1971 முதல் 2018 வரை ஏறியதில் ஏறக்குறைய பாதி இந்த விரிவால் வந்தது.

கேள்வி: 2011-ல் கடல் மட்டம் இறங்கியதாமே?

பதில்: ஆமாம், சுமார் 5 மில்லிமீட்டர். எனக்கு மிகவும் பிடித்த உதாரணம் இது. அப்போது வலுவான லா நினா. கடலிலிருந்து போன நீர் ஆஸ்திரேலியாவிலும் தென் அமெரிக்காவிலும் பெருமழையாகக் கொட்டியது. ஆஸ்திரேலியாவின் உட்பகுதியில் விழுந்த மழை கடலுக்கு ஓட வழியில்லாமல் அங்கேயே தேங்கி நின்றது. கிரேஸ் எனும் இரட்டைச் செயற்கைக்கோள்கள் புவியீர்ப்பில் ஏற்படும் நுண்ணிய மாற்றத்தை அளந்து, கடல் இழந்த நீர் எந்த நிலத்தில் இருக்கிறது என்று காட்டின. பிறகு அது ஆவியாகித் திரும்பியது, கடல் மட்டமும் பழைய வேகத்தைப் பிடித்தது. தனியாகப் பார்த்தால் குழப்புகிற கோடு, மழையளவையும் நில நீரையும் பக்கத்தில் வைத்தால் தெளிவாகிவிடுகிறது.

கேள்வி: பழைய பனியுகங்களின் முடிவில் முதலில் வெப்பம் ஏறி, பிறகுதான் கரியமில வாயு ஏறியது என்கிறார்களே. அப்படியானால் அது காரணம் இல்லை, விளைவுதானே?

பதில்: நல்ல கேள்வி. இரண்டுமே. பூமியின் சுற்றுப்பாதையில் வரும் மாற்றம் முதலில் சூட்டைத் தொடங்கிவைத்தது. சூடான கடல் கரியமில வாயுவை வெளியிட, அது சூட்டை மேலும் கூட்டியது. இன்று தொடக்கமே நாம் எரிக்கும் நிலக்கரியும் எண்ணெயும்தான். அண்டார்டிகாவில் துளையிட்டு எடுத்த பனியில் சிக்கிய காற்றுக் குமிழ்கள் 8 லட்சம் வருடக் கதையைச் சொல்கின்றன. தொழிற்புரட்சிக்கு முன்புவரை அதில் எங்கும் கரியமில வாயு சுமார் 300 பிபிஎம்மைத் தாண்டவில்லை.

கேள்வி: 2020 ஊரடங்கில் புகை குறைந்தும் காற்றில் கரியமில வாயுவின் அளவு ஏன் இறங்கவில்லை?

பதில்: வெளியேற்றம் 5 சதவீதம் அளவுக்குத்தான் குறைந்தது, மீதி காற்றில் சேர்ந்துகொண்டுதான் இருந்தது.

கேள்வி: ஒரே ஒரு அளவைத்தான் பார்க்க முடியும் என்றால் எது?

பதில்: கடலின் வெப்பம். கூடுதலாகச் சேரும் வெப்பத்தில் 90 சதவீதத்துக்கு மேல் அங்கேதான் போகிறது. ஆர்கோ எனும் தானியங்கி மிதவைகள் 2,000 மீட்டர் ஆழம் வரை போய், பத்து நாளுக்கு ஒருமுறை மேலே வந்து அளவுகளை அனுப்புகின்றன.

கேள்வி: வெளியேற்றத்தை முழுக்க நிறுத்தினால் எல்லாம் நின்றுவிடுமா?

பதில்: ஒரே நேரத்தில் நிற்காது. கரியமில வாயுவின் நிகர வெளியேற்றம் (நாம் வெளியிடுவதில் திரும்ப அகற்றுவதைக் கழித்தது) பூஜ்யமானால் மேற்பரப்பு வெப்பநிலை ஏறுவது சீக்கிரமே ஏறக்குறைய நின்றுவிடும். பனிப்பாறைகள் பல பத்தாண்டுகள் உருகும். ஆழ்கடல் மெதுவாகச் சூடாவதால் கடல் மட்டம் நூற்றாண்டுகளுக்கு ஏறும். எவ்வளவு ஏறும் என்பது, நாம் எப்போது நிறுத்துகிறோம் என்பதைப் பொறுத்தது.