பழைய வீடியோ கேம் சேகரிப்பில் ஒரே ஆட்டம் பல பிரதிகளாக இருந்தால் எதை வைத்துக்கொள்வது?

காரைக்குடியில் பூர்வீக வீட்டுப் பெட்டகத்தில் ஒரே மரியோ ஆட்டம் நான்கைந்து கார்ட்ரிட்ஜ்களில் (இயந்திரத்தில் செருகும் ஆட்டப் பெட்டிகளில்) கிடக்கிறது, எதைக் கழிப்பது என்று கேட்டிருக்கிறீர்கள்.

ஒரே கார்ட்ரிட்ஜில் ஆயிரக்கணக்கான ஆட்டங்கள் என்று சொல்லி விற்ற '9999 இன் 1' வகையில் ஒன்றை மட்டும் ஞாபகத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். அவற்றில் இருப்பவை சில ஆட்டங்கள்தாம். தொடக்க நிலையை மாற்றி, ஒன்றையே பல பெயர்களில் அடுக்கியிருப்பார்கள்.

ஒரே ஆட்டம் நாட்டுக்கு நாடு வேறு பதிப்பாக வந்திருந்தால்தான் நிதானம் வேண்டும். ஐரோப்பியப் பதிப்புகள் 50 ஹெர்ட்ஸ் (நொடிக்கு 50 முறை படம் புதுப்பிக்கும்) தொலைக்காட்சிக்கானவை. பல ஆட்டங்கள் அதில் மெதுவாக ஓடும். அமெரிக்க அல்லது ஜப்பானியப் பதிப்பு கையில் இருந்தால் ஐரோப்பியப் பிரதியைத் தயங்காமல் கொடுத்துவிடலாம். 'கான்ட்ரா' என்ற சுடும் ஆட்டம் மட்டும் விலக்கு: ஐரோப்பாவில் அது 'புரோபோடெக்டர்' ஆகி, மனித வீரர்களுக்குப் பதில் ரோபோக்கள் வந்துவிட்டன. அதை நான் நகல் என்று சொல்ல மாட்டேன். இயந்திரத்தையும் பாருங்கள். ஃபேமிகாம் (ஜப்பானிய நின்டெண்டோ இயந்திரம்) வகைக் கார்ட்ரிட்ஜுக்கு 60 இணைப்பு முனைகள், அமெரிக்க நின்டெண்டோவுக்கு 72. அடாப்டர் இல்லாமல் ஒன்று மற்றதில் பொருந்தாது.

1993-இல் வந்த 'சூப்பர் மரியோ ஆல்-ஸ்டார்ஸ்' நான்கு மரியோ ஆட்டங்களைத் தருகிறது. படங்களும் ஒலியும் புதியவை என்பதால் 1985-இன் மூல ஆட்டத்தை அதற்காகக் கைவிடுவது எனக்கு உடன்பாடில்லை. (பிடிவாதம்தான்!)

கழித்தவற்றை முனீஸ்வரன் கோவில் தெருப் பழம்பொருள் கடைகளில் கேட்டுப் பார்க்கலாம். ஆட்டத்தை விட்ட இடத்தைச் சேமித்துவைக்கும் வசதி உள்ள பழைய கார்ட்ரிட்ஜ்கள் பலவற்றின் உள்ளே பேட்டரி இருக்கும்; அது உயிரோடு இருக்கும் பிரதியை விற்றுவிடாதீர்கள்.