பிக்கப் வண்டி ஓடும்போது ஒரு பக்கமாக இழுப்பது ஏன்?

நேரான, சமமான சாலையில் ஸ்டியரிங்கைத் தளர்வாகப் பிடித்திருக்கும்போது வண்டி தானாகவே இடமோ வலமோ விலகிச் செல்வதையே இழுப்பு என்கிறோம். இரு பக்கச் சக்கரங்களும் ஒரே அளவில் உருளாததோ, ஒரே கோணத்தில் நிற்காததோ இதற்கு அடிப்படைக் காரணம். வாய் அகன்ற தம்ளரைத் தரையில் உருட்டினால் அது நேராகப் போகாமல் வளைந்து ஓடுவதைப் போன்றது இது.

முதலில், டயர்கள் குளிர்ந்திருக்கும்போது காற்றழுத்தத்தைப் பார்க்க வேண்டும். காற்று குறைந்த பக்கமே வண்டி இழுக்கும். அது சரியாக இருந்தால், சுழலும் திசை குறிக்கப்படாத டயர்களாயின், முன் டயர்கள் இரண்டையும் பக்கம் மாற்றிப் பூட்டி ஓட்டிப் பார்க்கலாம். இழுக்கும் திசையும் மாறினால் குறை டயரில்தான் உள்ளது. செலவு செய்யும் முன் தவறவிடக் கூடாத சோதனை இதுவே என்பேன். ஓட்டி நிறுத்தியதும் ஒரு சக்கரம் மட்டும் மிகுந்த சூடாக இருந்தால், அதன் பிரேக் முழுமையாக விடுபடாமல் இருக்கலாம். மாறாக, பிரேக் அழுத்தும்போது மட்டும் இழுத்தால், பெரும்பாலும் எதிர்ப்பக்கப் பிரேக் சரியாகப் பிடிக்கவில்லை என்று பொருள்.

சுமை ஏற்றும் வண்டி என்பதால் பின்பக்கத்தையும் மறக்கக் கூடாது: பின் அச்சைத் தாங்கும் பட்டை வில்லான லீஃப் ஸ்பிரிங்கின் நடு போல்ட் உடைந்தால் பின் அச்சு சற்றே நகர்ந்து, முன்பக்கம் எல்லாம் சரியாக இருந்தும் வண்டி கோணலாக ஓடும். இவை எதுவும் இல்லையெனில் வீல் அலைன்மென்ட், அதாவது சக்கரங்களின் கோணத்தைச் சரிசெய்யும் வேலை, செய்யலாம். சக்கரத்தைத் தாங்கும் அமைப்பின் மூட்டுகளான பால் ஜாயின்ட்டும் ரப்பர் புஷ்களும் தேய்ந்திருந்து, அவற்றை மாற்றாமல் செய்தால் அது நிலைக்காது.

சக்கரத்தின் எடையைச் சுற்றிலும் சமப்படுத்தும் வீல் பேலன்சிங் செய்தால் இழுப்பு நின்றுவிடும் என்று பலர் நினைக்கின்றனர். அது அதிர்வைத்தான் போக்கும், இழுப்பை அல்ல.