துறவி எப்படித் துப்பறிவார்?

கேள்வி: 13-ஆம் நூற்றாண்டு பிரான்ஸில் நடக்கும் கொலைக்கதை ஒன்று எழுதுகிறேன். விசாரிப்பவர் டொமினிக்கன் என்ற கத்தோலிக்கச் சபையின் துறவி. பாவசங்கீர்த்தனத்தில், அதாவது குருவிடம் பாவங்களை இரகசியமாக அறிக்கையிடும் சடங்கில், கொலைகாரன் சொன்னதை வைத்து அவர் வழக்கை முடிக்கிறார். இது பொருந்துமா?

பதில்: அந்த முடிவை மட்டும் மாற்றிவிடுங்கள். பாவசங்கீர்த்தனத்தில் கேட்டதை வெளியே சொல்லும் குருவைப் பதவியிறக்கி, ஆயுள் முழுக்கத் தவம் செய்யக் கண்டிப்பான மடமொன்றில் அடைக்க வேண்டும் என்று 1215-இல் கூடிய கத்தோலிக்கத் திருச்சபையின் நான்காம் லாத்தரன் பொதுச்சங்கம் விதித்தது. தெரிந்தும் சொல்ல முடியாமல் அவர் தவிப்பதாக எழுதலாம். அது நன்றாகவே இருக்கும்.

விசாரணை முறைக்கு உண்மை வழக்கே ஒன்று இருக்கிறது. 1242 மே 28 இரவு, துலூஸ் அருகே அவிஞ்ஞொனே ஊரில் துலூஸ் கோமானின் மாளிகையில் தங்கியிருந்த சமய விசாரணையாளர்கள், அதாவது திருச்சபைக்கு மாறான கொள்கையுடையவர்களை விசாரிக்கும் துறவிகள், வெட்டிக் கொல்லப்பட்டார்கள். அவர்களில் கியோம் அர்னோ டொமினிக்கன், எத்தியென் பிரான்சிஸ்கன் என்ற இன்னொரு சபையின் துறவி. உடன் வந்தவர்களும் தப்பவில்லை. திருச்சபை எதிர்த்த கத்தார் சமயத்தவரின் புகலிடமான மோன்செகுர் கோட்டையிலிருந்து வந்த ஆட்கள் கோடரியால் கதவை உடைத்தார்கள். அவர்களை வரவழைத்தவர் கோமானின் சொந்த அதிகாரி, ரேமோன் தல்ஃபாரோ.

இத்தனையும் நமக்குத் தெரிவது ஃபெரர் என்ற டொமினிக்கன் துறவியால்தான். 1244 மார்ச்சில் கோட்டை பணிந்தபோது, விசாரணையாளர்களிடம் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டால் அவிஞ்ஞொனே கொலைக்கும் மன்னிப்பு உண்டு என்று வீரர்களுக்கு வாக்குத் தரப்பட்டது. அதனால்தான் வாய் திறந்தார்கள். உங்கள் கொலைகாரனும் ஏன் பேசுகிறான் என்பதற்கு இப்படி ஒரு காரணம் வேண்டும்.

ஃபெரர் தடயம் தேடி அலையவில்லை. சத்தியம் வாங்கிக்கொண்டு கேட்டார்: யாரைப் பார்த்தாய், எங்கே, எப்போது, கூட யார் இருந்தார்கள்? சாட்சி தென் பிரான்ஸின் ஆக்சிதான் மொழியில் சொல்வதை எழுத்தர் லத்தீனில், ‘அவன் சொன்னான்’ என்று படர்க்கையில் எழுதுவார். ஒருவன் சொன்ன பெயர்களை அடுத்தவன் சொன்னதோடு ஒப்பிட்டால் கூட்டாளிகள் வெளிப்படுவார்கள். உங்கள் கதையின் முடிச்சும் அந்த ஏட்டில்தான் அவிழ வேண்டும்.

அந்த வாக்குமூலங்களின் 17-ஆம் நூற்றாண்டுப் பிரதி பாரிஸில் இருக்கிறது. கொள்ளையில் கிடைத்தவற்றில் ஓர் இஞ்சிப் பெட்டியும் உண்டு. கோட்டைத் தலைவன் பியேர் ரொஜே, கியோம் அர்னோவின் மண்டையோட்டைக் கோப்பையாகக் கொண்டுவரவில்லையா என்று கேட்டானாம். உடைந்துவிட்டது என்றார்கள். தங்க வளையம் போட்டு வாழ்நாளெல்லாம் அதில் மது குடித்திருப்பேனே என்றானாம். படிக்கும்போதே நெஞ்சு பதறுகிறது. இதைச் சாட்சி சொல்லச் சொல்ல எழுதிய எழுத்தரின் கையை நினைத்துப் பாருங்கள். அவர் மாண்டவர்களின் தரப்பைச் சேர்ந்தவர்.

இன்னும் இரண்டு எச்சரிக்கைகள். கதை 1252-க்கு முந்தையது என்றால் சித்திரவதைக் காட்சி வேண்டாம். திருத்தந்தை நான்காம் இன்னொசென்ட் அதற்கு அனுமதி தந்தது அந்த ஆண்டு மே மாதத்தில்தான். மரண தண்டனையையும் துறவி வாயால் சொல்லவைக்காதீர்கள். குருக்கள் இரத்தத் தீர்ப்பு வழங்கக் கூடாது என்று தடுத்ததும் அதே 1215 சங்கம்தான். குற்றவாளியை அரசு அதிகாரியிடம் ஒப்படைப்பதோடு அவர் வேலை முடிந்துவிடும்.