மாலை போட்டால் விக்கிரகமா?

கேள்வி: யாத்திராகமம் 20-ல் "நமஸ்கரிக்கவும் சேவிக்கவும் வேண்டாம்" என்று தெளிவாக இருக்கிறது. கத்தோலிக்கர்களோ சுரூபத்துக்கு மாலை போட்டு, தூபம் காட்டி, தேரில் ஏற்றி இழுக்கிறீர்கள். இது விக்கிரக ஆராதனை இல்லையா? அந்த இரண்டாம் கட்டளையையே உங்கள் ஞானோபதேசத்தில் காணோமே? (வாசகர், நாசரேத்)

பதில்: மறைத்துவிட்டோம் என்கிற பழைய குற்றச்சாட்டை முதலில் முடித்துவிடுவோம். கட்டளை பத்து என்று வேதாகமம் சொல்கிறதே தவிர, எது எத்தனையாவது என்று எண் போடவில்லை. புனித அகுஸ்தினார் வழியில் நாங்கள் "வேறே தேவர்கள் வேண்டாம்", "சுரூபம் வேண்டாம்" இரண்டையும் ஒன்றாக எண்ணுகிறோம். பிறன் மனைவியை இச்சிப்பதையும் பிறன் உடைமையை இச்சிப்பதையும் இரண்டாகப் பிரிக்கிறோம். தரங்கம்பாடி வழிவந்த லுத்தரன் சபையாருக்கும் இதே கணக்குதான். அவர்களிடம் யாரும் இந்தக் கேள்வியைக் கேட்பதில்லை! பிள்ளைகள் மனப்பாடம் செய்யும் சுருக்கத்தில் அந்த வரி இல்லை என்பது உண்மை. ஆனால் கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி நூலில் முதல் கட்டளையின் கீழே அது அப்படியே இருக்கிறது. 2129 முதல் 2132 வரையுள்ள எண்கள் இந்த ஒரே விஷயத்தைத்தான் பேசுகின்றன.

நீங்கள் காட்டும் அதிகாரத்திலிருந்து ஐந்து அதிகாரம் தள்ளிப் போங்கள். பொன்னைத் தகடாய் அடித்து இரண்டு கேருபீன்களை, அதாவது சிறகுள்ள வானதூதர் உருவங்களைச் செய்து, உடன்படிக்கைப் பெட்டியின் மூடியான கிருபாசனத்தின் இரண்டு ஓரத்திலும் வைக்கச் சொல்கிறார் அதே கடவுள். சாலமோன் ஆலயத்தில் ஒலிவ மரத்தில் பத்து முழ உயரத்துக்கு இன்னும் இரண்டு. ஆகவே செய்வதே பாவம் என்ற வாதம் நிற்காது. நிற்கக்கூடிய வாதம் வெண்கலச் சர்ப்பம்; நீங்கள் அதைக் கேட்டிருக்க வேண்டும். பாம்பு கடித்தவர்கள் நோக்கிப் பார்த்துப் பிழைக்கும்படி, எண்ணாகமம் 21-ல் கடவுள் சொல்லி மோசே செய்தது அது. 2 இராஜாக்கள் 18:4-ல் யூதாவின் ராஜா எசேக்கியா அதை உடைத்துப்போடுகிறார், ஜனங்கள் அதற்குத் தூபங்காட்டி வந்ததால். பொருள் மாறவில்லை. அதன்முன் நின்றவர்களின் மனது மாறிவிட்டது.

"அப்படியானால் நீங்கள் காட்டும் தூபம்?" நியாயமான கேள்வி. எங்கள் வழிபாட்டு விதிப்படி புனிதர் சுரூபத்துக்குத் தூபக்கலசம் இரண்டு வீச்சு, எதிரே நிற்கும் சபைக்கு மூன்று வீச்சு. தூபமே ஆராதனை என்றால் மாதாவைவிட மக்களைத்தான் அதிகம் ஆராதிக்கிறோம். ஆராதனைக்கென்று நாங்கள் ஒதுக்கிய அடையாளம் வேறு: வலது முழங்கால் தரையைத் தொட மண்டியிடுவது. அது நற்கருணைக்கு, அதாவது கிறிஸ்துவின் உடலென்று நாங்கள் விசுவசிக்கும் அப்பத்துக்கு உரியது. புனித வெள்ளியில் சிலுவை ஆராதனை தொடங்கி, பாஸ்கா திருவிழிப்பு (ஈஸ்டருக்கு முந்தின இரவு வழிபாடு) தொடங்கும்வரை சிலுவைக்கும் உண்டு. அங்கும் அது மரத்துக்கல்ல, அதில் தொங்கியவருக்கு. புனிதர் சுரூபம் எதற்கும் அந்த மண்டியிடுதல் கிடையாது. 787-ல் நிசேயாவில் கூடிய பொதுச்சங்கம் வகுத்ததும் இதுதான்: உருவத்துக்குக் காட்டும் வணக்கம் அந்த உருவத்துக்கு உரியவரைச் சேரும், ஆராதனை கடவுளுக்கு மட்டும். (தாத்தாவின் போட்டோ உவமையை வேண்டுமென்றே விட்டுவிடுகிறேன். தேய்ந்துபோன சங்கதி.)

இது போதனை. நடைமுறையில் உங்கள் குற்றச்சாட்டு எங்கள் ஆட்கள் பலர்மேல் சரியாகவே விழுகிறது. சுரூபத்துக்குள் தெய்வத்தன்மையோ சக்தியோ இருப்பதாக நம்பக்கூடாது, அதனிடம் எதையும் கேட்கக்கூடாது என்று 1563-லேயே திரிதெந்தின் சங்கம் என்ற எங்கள் பொதுச்சங்கம் சொல்லிவிட்டது. நம் சனம் என்ன பேசுகிறது? "உவரி அந்தோணியார் கேட்டதைக் கொடுப்பார், எங்க ஊர் அந்தோணியாருக்கு அவ்வளவு சக்தி பத்தாது." இரண்டும் 1231-ல் இறந்த ஒரே மனிதர்தானே! இப்படிப் பேசுகிறவர் மன்றாடுவது அந்தோணியாரிடம் அல்ல, அந்தக் குறிப்பிட்ட சுரூபத்திடம். அதற்குப் பெயர் விக்கிரக ஆராதனைதான். வீட்டுச் சுரூபம் கைதவறி உடைந்தால் குடும்பத்துக்கு ஆகாது என்று பயந்து பரிகாரம் கேட்டு வருகிறவர்களும் இந்தக் கணக்கில் சேர்த்தி. மந்திரித்த, அதாவது குருவானவர் ஆசீர்வதித்த சுரூபம் உடைந்தால் எரிக்கலாம், அல்லது மண்ணில் புதைக்கலாம், அவ்வளவுதான். நற்கருணை வைத்திருக்கும் பேழைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு ஓரத்துப் பீடத்தில் மெழுகுதிரி ஏற்ற முண்டியடிப்பதைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை, ஞாயிற்றுக்கிழமை யார் வந்தாலும் பார்க்கலாம்.

இன்னொன்று: ஒரே கோயிலில் ஒரே புனிதருக்குப் பொதுவாக ஒரு சுரூபத்துக்குமேல் வைக்கக்கூடாது என்பதும் விதி. உபயதாரர் மனம் நோகுமே என்று மூன்றாவது மாதாவுக்கு இடம் தேடிக்கொண்டிருக்கும் பங்குத்தந்தையருக்கும் இந்தப் பதிலில் ஒரு பிரதி போகட்டும்.