டோபார் வயரிங்கால் கார் பழுதானால் யாரைக் கேட்பது?

கேள்வி: வணக்கம் ஐயா. ஒலிபெருக்கிச் சாதனங்களை வாடகைக்கு விடும் தொழில் செய்கிறேன். சாமான் ஏற்றிப்போக ஒரு சிறிய டிரெய்லர் வாங்கி, வாரண்டி இன்னும் முடியாத என் காரில் தனியார் ஒர்க்‌ஷாப் ஒன்றில் டோபார் (டிரெய்லரை மாட்டி இழுக்கும் கொக்கி) பொருத்தினேன். டிரெய்லர் விளக்குகளுக்குத் தனி வயரிங் கிட் வேண்டுமா என்று கேட்டேன். "அதெல்லாம் வேண்டாம், பின்விளக்கு வயரிலிருந்தே எடுத்துவிடலாம்" என்றார்கள். முதல் வாரமே டேஷ்போர்டில் பல்ப் பழுது என்று எச்சரிக்கை வந்தது. போனில் கேட்டதற்கு, "டிரெய்லர் மாட்டினால் அப்படித்தான் காட்டும், ஓட்டுங்க" என்றார்கள். மூன்று வாரம் கழித்துப் பின்விளக்கு, வைப்பர், கதவுப் பூட்டு எல்லாம் நின்றுவிட்டன. பாடி கண்ட்ரோல் மாட்யூல் (விளக்கு, வைப்பர், பூட்டு போன்றவற்றை இயக்கும் மின்னணுப் பெட்டி) போய்விட்டது, வெளியே வயரிங் செய்ததால் வாரண்டி கிடையாது என்கிறது நிறுவனத்தின் சர்வீஸ் சென்டர். கோளாறு டிரெய்லரில்தான் என்கிறது ஒர்க்‌ஷாப். ஆனாலும் வண்டியைக் கொண்டுவந்தால் வயரிங்கை இலவசமாக மாற்றித் தருவார்களாம். இதற்குள் இரண்டு ஆர்டர்கள் கைவிட்டுப் போயின. டிரெய்லரில் பிரேக் விளக்கு எரியவில்லை என்று போலீஸ் அபராதமும் போட்டது. பில்லின் அடியில் 'மின் பழுதுகளுக்கு நிர்வாகம் பொறுப்பல்ல' என்று அச்சிட்டிருக்கிறார்கள். நான் என்ன செய்யலாம்?

பதில்: அந்த வயரிங்கை இதுவரை யாரும் தொடவில்லையே? தொடவில்லை என்றால் வழக்கில் பாதி இன்னும் உங்கள் கையில் இருக்கிறது. ஒர்க்‌ஷாப் தருவதாகச் சொல்லும் அந்த இலவசத்தை இப்போதைக்கு வாங்கிக்கொள்ளாதீர்கள். புது கிட் மாட்டி, பழைய வயரை வெட்டிக் குப்பையில் போட்டுவிட்டால், அவர்கள் முதலில் எப்படிச் செய்திருந்தார்கள் என்று காட்ட உங்களிடம் ஒன்றும் மிஞ்சாது. கெட்ட எண்ணத்தோடு கூப்பிடுகிறார்கள் என்று நான் சொல்லவில்லை. எந்த எண்ணத்தோடு வெட்டினாலும் சாட்சியம் போனது போனதுதான்.

அதற்காக 'வரமாட்டேன்' என்று எழுதிவிடவும் கூடாது. திருத்திக்கொடுக்க வாய்ப்பே தரவில்லை என்பது இப்படிப்பட்ட வழக்குகளில் தவறாமல் வரும் எதிர்வாதம். ஆகவே இப்படிப் பதில் எழுதுங்கள்: "திருத்தித் தர முன்வந்ததைப் பதிவு செய்துகொள்கிறேன். அதற்கு முன் ஒரு சுயேச்சையான ஆட்டோ எலக்ட்ரீஷியன் வண்டியைப் பார்ப்பார். இன்ன தேதி, இன்ன நேரம், இன்ன இடம். நீங்களும் ஆள் அனுப்பலாம்." அதே கடிதத்தின் நகல் சர்வீஸ் சென்டருக்கும் போகட்டும். வராவிட்டால் அது அவர்கள் பாடு. அழைத்தேன் என்பது உங்களிடம் எழுத்தில் இருக்கும். கழற்றும் ஒவ்வொரு கிளிப்பையும் வயர் துண்டையும் தேதி எழுதிப் பையில் போட்டு வையுங்கள். இன்னொன்று: காரின் கணினியில் பதிவாகியிருக்கும் பழுதுக் குறியீடுகளை அழிப்பதற்கு முன் அச்செடுத்துத் தரும்படி சர்வீஸ் சென்டரிடம் எழுத்தில் கேளுங்கள். புது மாட்யூல் போட்டபின் கேட்டுப் பயனில்லை.

அந்த எலக்ட்ரீஷியன் எழுதித்தரும் அறிக்கையில் என்ன இருக்க வேண்டும்? 'வேலை சரியில்லை' என்று ஒரு வரி எழுதினால் குறுக்கு விசாரணையில் நிற்காது. நான் மெக்கானிக் இல்லை, ஆனாலும் இதைக் கொஞ்சம் விளக்கிவிடுகிறேன். டிரெய்லரின் பிரேக் பல்ப் ஒன்று பெரும்பாலும் 21 வாட். 12 வோல்ட்டில் அது ஒன்றே முக்கால் ஆம்பியர். இரண்டு பல்ப் சேர்ந்தால் மூன்றரை. அந்தக் காலக் காரில் சாதாரண ஸ்விட்சும் ஃப்யூஸும்தான் இதைச் சுமந்தன, பின்விளக்கு வயரில் ஒட்டுப்போட்டாலும் ஓடியது. இப்போதைய கார்களில் விளக்குக்குப் போகும் மின்சாரத்தை மாட்யூலே அளந்து தருகிறது. பல்ப் போய்விட்டதா என்றும் அந்த அளவை வைத்துத்தான் கண்டுபிடிக்கிறது. பின்விளக்கு எல்இடி என்றால் மாட்யூல் எதிர்பார்ப்பது சில வாட் மட்டுமே. அதன் தலையில் 42 வாட் சுமையை ஏற்றினால் எச்சரிக்கை காட்டும், அந்த இணைப்பைத் துண்டிக்கும், சில வேளை மாட்யூலே கெட்டும் போகும். இதற்குத்தான் பைபாஸ் ரிலே, தனி வயரிங் கிட் எல்லாம் வந்தன. அவை விளக்கு வயரிலிருந்து சிக்னலை மட்டும் எடுத்துக்கொண்டு, சுமைக்கான மின்சாரத்தை ஃப்யூஸ் வழியாக பேட்டரியிலிருந்து நேராக எடுக்கும். ஆக, ரிலே இருந்ததா, பேட்டரியிலிருந்து தனி இணைப்பும் அதற்கு ஃப்யூஸும் இருந்தனவா, ஒட்டுகள் எந்த வகை, இந்தக் காருக்குத் தயாரிப்பாளர் என்ன முறை சொல்லியிருக்கிறார், மாட்யூல் போனதற்கு இதுதான் காரணமாக இருக்க வாய்ப்பு எவ்வளவு என்ற எல்லாவற்றுக்கும் அறிக்கையில் பதில் வேண்டும். கடைசிக் கேள்விக்குப் பதில் இல்லாத அறிக்கை வெறும் போட்டோ ஆல்பம்தான்.

'டிரெய்லரில் கோளாறு' என்பதை அப்படியே தள்ளிவிடாதீர்கள். சில சமயம் அது உண்மையாகவே இருக்கும். டிரெய்லரைக் காரோடு இணைக்கும் ஏழு முனை சாக்கெட்டில், ஐஎஸ்ஓ 1724 தரத்தின்படி, மூன்றாம் முனையின் வெள்ளை வயர்தான் எர்த், அதாவது மின்சாரம் திரும்பும் வழி. டிரெய்லர் பக்கம் அது துருப்பிடித்து அறுந்திருந்தால் மின்சாரம் மற்ற பல்ப்கள் வழியாகத் திரும்பப் பார்க்கும். பிரேக் மிதித்தால் இண்டிகேட்டரும் சேர்ந்து மங்கலாக மினுக்கும். உங்கள் அபராதத்துக்கும் இப்படி ஒரு காரணம் இருக்கலாம். அந்த டிரெய்லரை முறையான வயரிங் உள்ள வேறொரு காரில் மாட்டிப் பார்க்கச் சொல்லி, முடிவு எதுவானாலும் அறிக்கையில் சேருங்கள். நாமே சோதித்து நாமே சொல்லிவிட்டால் எதிர்த்தரப்பிடம் ஆயுதம் இருக்காது.

இனி சட்டத்துக்கு வருவோம். பணம் வாங்கிக்கொண்டு ஒரு வேலையைச் செய்பவர், அந்தத் தொழிலில் உள்ளவருக்கு இருக்க வேண்டிய திறமையோடும் கவனத்தோடும் செய்ய வேண்டும். ஒப்பந்தத்தில் எழுதியிருக்க வேண்டியதில்லை, எழுதாமலே அடங்கியிருக்கும் நிபந்தனை அது. உங்களுக்குச் சாதகமான பெரிய விஷயம், கிட் வேண்டுமா என்று நீங்களே கேட்டது. வேண்டாம் என்று முடிவு செய்தவர்கள் அவர்கள். மாறாக, கிட் அவசியம் என்று அவர்கள் எச்சரித்து, செலவுக்காக நீங்கள் மறுத்திருந்தால் இந்தப் பதில் வேறு மாதிரி இருந்திருக்கும். அந்தப் பேச்சு வாட்ஸ்அப்பில் நடந்ததா, நேரிலா? நேரில் என்றால் கூட யார் இருந்தார்கள் என்று இன்றே குறித்து வையுங்கள்.

உங்கள் பக்கம் உள்ள ஓட்டை, எச்சரிக்கை வந்த பிறகும் மூன்று வாரம் ஓட்டியது. நஷ்டத்தைக் குறைக்க முயலவில்லை என்பார்கள். அதற்குப் பதில் அந்த போன் உரையாடல். அழைப்புப் பட்டியலை எடுத்து வைப்பதோடு, "இன்ன தேதி நான் கேட்டபோது ஓட்டலாம் என்றீர்கள்" என்று இப்போது ஒரு மெசேஜ் அனுப்புங்கள். மறுத்தால் மறுக்கட்டும். பதிலே வராவிட்டால் அதுவும் உதவும்.

பில்லின் அடியில் அச்சடித்த வரியைக் கண்டு பயப்பட வேண்டாம். பில் பெரும்பாலும் வேலை முடிந்தபின் கைக்கு வருவது. ஒப்பந்தம் முடிவான பிறகு நீட்டப்படும் நிபந்தனை அந்த ஒப்பந்தத்தில் சேராது என்பது பழைய விதி. வேலைக்கு முன் கையெழுத்துப் போட்ட ஜாப் கார்டிலும் அந்த வரி இருந்தால்தான் கொஞ்சம் யோசிக்க வேண்டும். அப்போதும் சொந்தக் கவனக்குறைவுக்கு அப்படி ஒரே வரியில் விலக்கு வாங்கிவிடுவதை நீதிமன்றங்கள் லேசில் ஏற்பதில்லை.

வாரண்டி விஷயத்தில் அதன் வாசகம்தான் முக்கியம். 'மாற்றத்தினால் ஏற்பட்ட பழுதுக்கு' என்று இருக்கிறதா, 'மாற்றம் செய்தாலே' என்று இருக்கிறதா? முதல் வகை என்றால் இந்த வயரிங்தான் மாட்யூலைக் கெடுத்தது என்று காட்ட வேண்டியது அவர்கள். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள்: ஒர்க்‌ஷாப்பிடம் 'உன் வயரிங்தான் காரணம்' என்றும், நிறுவனத்திடம் 'வயரிங் காரணமில்லை' என்றும் ஒரே நாளில் எழுதினால் இரண்டு கடிதங்களும் ஒரே கோப்பில் வந்து நிற்கும். நிறுவனத்திடம் காரணத்தை எழுத்தில் கேட்பதோடு நிறுத்துங்கள். அவர்கள் தரும் மறுப்புக் கடிதம் ஒர்க்‌ஷாப்புக்கு எதிராக உங்களுக்கே சாட்சியம் ஆகும்.

கைவிட்டுப்போன ஆர்டர்கள் கிடைப்பது கஷ்டம். 1854-இல் ஹாட்லி எதிர் பாக்சன்டேல் என்ற இங்கிலாந்து வழக்கு. மாவு மில் ஒன்றின் சுழல்தண்டு உடைந்து, புதிது செய்ய மாதிரிக்காக அதை அனுப்பினார்கள். கொண்டுபோனவர்கள் தாமதித்ததால் மில் கூடுதலாகச் சில நாள் மூடிக் கிடந்தது. அந்த நாட்களின் லாபத்தை இழப்பீடாகக் கேட்டார்கள், நீதிமன்றம் தரவில்லை. அது வந்து சேராவிட்டால் மில் ஓடாது என்பது வண்டிக்காரர்களுக்குத் தெரிந்திருந்ததாக நிரூபணம் இல்லை. அதே கேள்வி உங்களுக்கும்: இது தொழிலுக்கு, இன்ன தேதியில் ஆர்டர் இருக்கிறது என்று ஒர்க்‌ஷாப்பிடம் முன்பே சொன்னீர்களா? சொன்னதற்கு ஆதாரம் இருந்தால் கேளுங்கள். இல்லாவிட்டால் மாட்யூல் செலவு, வயரிங்கை முறையாகச் செய்யும் செலவு, எலக்ட்ரீஷியன் கட்டணம், வண்டியை இழுத்துப்போன செலவு ஆகியவற்றோடு நில்லுங்கள். தொழிலுக்காகப் பெற்ற சேவை என்பதால் நுகர்வோர் மன்றம் போனால் முதல் ஆட்சேபமே அதுவாகத்தான் வரும். உங்கள் ஊர்ச் சட்டம் இடம் தராவிட்டால் சாதாரண சிவில் வழக்கு இருக்கவே இருக்கிறது.

அபராதத்தைக் கட்டிவிடுங்கள். கிளம்பும் முன் விளக்குகளைச் சரிபார்ப்பது ஓட்டுநர் கடமை, அதை மெக்கானிக்கிடம் தள்ள முடியாது.

நீங்கள் கேட்கவே இல்லை, ஆனாலும் சொல்கிறேன்: டோபார் போட்டதைக் காப்பீட்டு நிறுவனத்துக்குத் தெரிவித்தீர்களா? தொழிலுக்கு வண்டியைப் பயன்படுத்துவதை? இல்லை என்றால் இந்த வாரமே எழுதுங்கள். நாளை பின்னால் வருபவர் டிரெய்லரில் மோதினால், மறைத்த தகவலைக் காட்டித்தான் காப்பீடு கைவிரிக்கும்.

அறிக்கை கைக்கு வந்ததும் தொகையைக் குறிப்பிட்டு, பதினைந்து நாள் கெடு வைத்து ஒர்க்‌ஷாப்புக்கு நோட்டீஸ் அனுப்புங்கள். வழக்குப் போடும் காலவரம்பை, மாட்யூல் போன நாளிலிருந்து எண்ணாமல், டோபார் பொருத்திய நாளிலிருந்தே எண்ணிக்கொள்ளுங்கள்.